பூஜ்ஜிய வயதுத் தொட்டில்கள்

உலகத்தில் உள்ள எந்தச் சாமானுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. மாட்டுக் கொம்புக்கு ஓர் எண், ஒட்டுக் கண்ணிமைக்கு ஓர் எண், பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஊதித் தள்ளும் பீப்பீக்கு ஓர் எண். இந்த எண்களில் பாதி கஸ்தூரிக்கு மனப்பாடம். தம்போய் என்ற ஊரில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜெயபாலனின் சரக்கு முகவர் அலுவலகத்தில் பதினேழு வருடமாக அவள் பார்க்கிற வேலை இதுதான். கப்பலில் வருகிற சாமான் இன்னது என்று தீர்மானிக்க வேண்டும், அதற்கு உரிய எண்ணைப் போட வேண்டும், படிவத்தின் அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சொல்வதற்குச் சுலபம். மினுக்கு விளக்கு வைத்த முயல்காது ஹேர்பேண்ட் ஒன்று வருகிறது என்று வையுங்கள். அது விளையாட்டுச் சாமானா, திருவிழாச் சாமானா, முடி அலங்காரமா? இந்த ஒரு கேள்விக்காக அவள் அதிகாரிகளோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றிருக்கிறாள். முடி அலங்காரம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

பதினேழு வருடத்தில் அவள் கையெழுத்துக்கு மேலே ஒரு தப்பான எண் இருந்ததில்லை. இதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வீடு, கார், பிள்ளைகளின் மார்க்கு என்று ஆளாளுக்குப் பீற்றிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. அவளுக்கு இது.

அந்தத் தலைக்கனத்துக்கு ஆபத்து வந்தது நானூறு தொட்டில்களால்.

தொட்டில் என்றால் பிள்ளை படுக்கிற தொட்டில் அல்ல. உள்ளங்கையில் அடங்குகிற மரத் தொட்டில். ரெங்கம் என்ற சிற்றூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஓர் அம்மன் கோவில் இருக்கிறது. அங்குள்ள வேப்பமரத்தில் பிள்ளை இல்லாதவர்கள் இப்படி ஒரு தொட்டிலைக் கட்டி வேண்டிக்கொள்வார்கள். பூசாரி கட்டும்போதுதான் அதற்குள் விரல் நீள மரப்பிள்ளையை வைப்பார். அதனால் தொட்டிலும் பிள்ளையும் ஒரே பெட்டியில், தனித்தனிப் பொட்டலமாக வரும். ரெங்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் விஜயன், பங்குனித் திருவிழாவுக்காக நானூறு தொட்டில்களைச் சீனாவில் ஒரு தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்திருந்தான். கஸ்தூரி அவற்றை ‘மரத்தாலான அலங்காரப் பொருள்’ என்று வகைப்படுத்தி, எண் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினாள். அதோடு அவற்றை மறந்தும் போனாள்.

துறைமுகக் கிடங்கில் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள் என்று செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹக்கீம் என்ற இளம் அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு தொட்டில்களை மேசை மேல் பரப்பியிருந்தார். நல்ல பையன்தான், வேலைக்குப் புதிது. ஒரு தொட்டிலை ஒற்றை விரலால் தட்டிவிட்டு, அது ஆடுவதைப் பார்த்துச் சிரித்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஐயாசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு பெட்டியில் கிடந்த வெள்ளைப் பஞ்சு அட்டையைக் கிள்ளிக் கிள்ளி ஒவ்வொரு தொட்டிலுக்குள்ளும் ஒரு துண்டு வைத்தார். கஸ்தூரிக்கு அப்போது அதையெல்லாம் கவனிக்கிற நிலைமை இல்லை.

"புவான், இது விளையாட்டுப் பொருள்," என்றார் ஹக்கீம் மலாயில். "பொம்மை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, ஆடுகிறது. இதையும் பாருங்கள்."

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு சிரிக்கும் குழந்தையின் முகம். அதன் கீழே பெரிய எழுத்தில் ‘0+’ என்று அச்சடித்திருந்தது.

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. எந்த வயதுப் பிள்ளை விளையாடலாம் என்று விளையாட்டுச் சாமான் பெட்டியில்தான் அச்சடிப்பார்கள். பூஜ்ஜியம் கூட்டல் என்றால் பிறந்த நாளிலிருந்தே விளையாடலாம் என்று அர்த்தம். கைக்குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்றால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் சரக்கு அழிக்கப்படும். எண்ணை மாற்றிப் போட்டவளின் பெயரும் பதிவாகும்.

வெளியே வந்ததும் விஜயனுக்குப் போன் போட்டாள்.

"விஜயன், பெட்டியில பூஜ்ஜியம்னு போட்டுருக்கான். யாரு சொல்லிப் போட்டான்?"

"நான்தான்கா சொன்னேன்," என்றான் அவன், அப்பாவியாக. "ஃபேக்டரிக்காரன் ஒரு ஃபாரம் அனுப்புனான். எத்தனை வயசுப் பிள்ளைக்குன்னு கேட்டுருந்தான். இன்னும் பொறக்காத பிள்ளைக்குத்தானே கட்டுறாங்க? வேற என்னா வயசு போடுறது? பூஜ்ஜியம்னு போட்டுட்டேன். ஏன்கா, தப்பா?"

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பூஜ்ஜியம் போட்டதில் என்ன தப்பு என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலைக்காரன் கேட்ட கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதிலை விஜயன்தான் கொடுத்திருக்கிறான்.

"தப்பில்ல. ஆனா மாட்டிக்கிட்டோம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஜெயபாலன் நல்ல முதலாளி. தீபாவளிக்குப் போனஸ் தருவார், காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார். ஆனால் சண்டை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும். மறுநாள் அவள் மேசை மேல் ஒரு கடிதத்தை வைத்தார். சுங்கத்துக்கு எழுதிய கடிதம். ‘மேற்படி சரக்கு விளையாட்டுப் பொருள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். வகைப்படுத்தியவரின் கவனக்குறைவால் தவறான எண் இடப்பட்டது. மன்னிக்கவும்.’ அடியில் கஸ்தூரியின் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்குக் காலி இடம்.

"ஒரு கையெழுத்துதான் கஸ்தூரி. சின்ன அபராதத்தோட போய்டும். நாம தினமும் அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்."

"அடுத்த மாசம் என் முகவர் அட்டையச் சுங்கத்துல புதுப்பிக்கணும் பாஸ். தப்பு பண்ணேன்னு நானே எழுதிக் குடுத்துட்டு அங்க போய் நின்னா புதுப்பிப்பாங்களா?"

"புதுப்பிக்கலன்னா என்னா? உன்னைய விட்டுருவேனா? உள்ளயே ஃபைல் பார்க்கலாம்லா."

"பதினேழு வருசம் கழிச்சு ஃபைலுக்குத் தூசி தட்டச் சொல்றீங்க."

"அலமாக், நீ ஏன் இப்படி ஒத்தக் கால்ல நிக்கிற? கையளவு தொட்டிலு. விளையாட்டுச் சாமான்னு எழுதுனா ஒனக்கு என்னா குறைஞ்சு போய்டும்?"

என்ன குறைந்து போகும் என்பதை முதலாளியிடம் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அவளும் அவள் கணவன் தீபனும் அதே மரத்தில் ஒரு தொட்டில் கட்டினார்கள். அவளுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. எண்களை நம்புகிறவள் அவள். இருந்தாலும் போனாள், விரதம் இருந்தாள், ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றினாள். தீபன் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். கட்டி முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசினார்கள், அவ்வளவு ஆசையாக இருந்தது. பிள்ளை வரவில்லை. அது போகட்டும். ஆனால் அன்று அந்த மரத்தடியில் அவள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. அதை விளையாட்டு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க அவளால் முடியாது. அட்டை போனாலும் முடியாது.

"மேல்முறையீடு பண்றேன் பாஸ்," என்றாள். "தோத்தா அட்டைய நானே திருப்பிக் குடுத்துருவேன். உங்க பேரு கெடாது."

ஜெயபாலன் கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "வச்சுக்க. அங்க போய் மனசு மாறுனா கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல்முறையீட்டைக் கேட்கிறவர் பரமேஸ்வரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். வகைப்படுத்தலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. லஞ்சம் வாங்க மாட்டார், சிபாரிசைக் காதில் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கஸ்தூரி அவரிடம் எத்தனையோ தடவை போய் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட அவர் அவளிடம் தமிழ் பேசியதில்லை. அலுவலகத்தில் அலுவலக மொழிதான் என்பது அவர் கொள்கை. முயல்காது விஷயத்தில் மூன்று நாள் அவளை இழுத்தடித்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள். வியாழன் மதியம், மாதிரிக்கு ஒரு தொட்டில் எடுத்துவர அனுமதிச் சீட்டோடு கிடங்குக்குப் போனாள். பிரித்த பெட்டி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தொட்டிலுக்குள்ளும் ஒரு பஞ்சு அட்டைத் துண்டு.

"யாருண்ணே இதையெல்லாம் உள்ள வச்சது?"

"நான்தாம்மா," என்றார் ஐயாசாமி. "அன்னிக்கு அந்தப் பையன் வெறுந்தொட்டிலப் போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தான். அவனுக்கு என்னா தெரியும், பாவம். வர்றவன் போறவன்லாம் தட்டிப் பார்க்குறான். அதான் எல்லாத்துலயும் எதையாச்சும் வச்சு விட்டேன். வெறுசா இருந்தாத்தானே வம்பு?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் விளக்கம் எதுவும் இல்லை. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடுவதைப் போலச் சொன்னார். வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது. பிறந்த பிள்ளைக்கும் ஆகாது, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஆகாது. இது கஸ்தூரிக்கும் தெரியும். ரெங்கத்தில் தெரியும், தம்போயில் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே அவள் எழுதிய எட்டுப் பக்க மேல்முறையீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளுக்குத் தன்னைத்தானே தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

ஒரு தொட்டிலிலிருந்து பஞ்சு அட்டையை எடுத்து ஐயாசாமியிடம் கொடுத்தாள்.

"இது ஒண்ணு மட்டும் எனக்கு வெறுசா வேணும்ணே."

அவர் முகம் சுருங்கியது. "பார்த்து வச்சுக்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

பரமேஸ்வரனின் அறை எப்போதும் போல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் மட்டும் புதிதாக ஒன்று. கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கேன் படம். மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர், பிரேமளா பரமேஸ்வரன். கஸ்தூரி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள். அதிகாரிகளின் மேசையில் எண்களைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண். அவருடைய மகள், பிள்ளைத்தாச்சி என்று புரிந்தது. உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள்.

அவர் அவளுடைய எட்டுப் பக்கங்களையும் படித்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் குறித்திருந்தார்.

"கோவிலில் பயன்படுகிறது என்கிறீர்கள்," என்றார் மலாயில். "ஒரு பொருளை வாங்குகிறவர் எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்பது எனக்குத் தேவையில்லை. பொருள் என் முன்னால் இருக்கிறது. சிறு தொட்டில், சிறு பொம்மை. பொம்மையைப் போடலாம், எடுக்கலாம், ஆட்டலாம். பெட்டியிலும் வயது போட்டிருக்கிறது."

"அந்தப் பூஜ்ஜியம் பிறந்த குழந்தைக்கு இல்லை, துவான். பிறக்காத குழந்தைக்கு," என்றாள் அவளும் மலாயில். "இறக்குமதி செய்தவர் எழுதிய படிவத்தை இணைத்திருக்கிறேன்."

"படித்தேன். பெட்டியில் அந்த விளக்கம் இல்லை. இது இப்படித்தான் பயன்படுகிறது என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?"

"தெரியும். நான் கட்டியிருக்கிறேன். விளையாடப் போகவில்லை."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஏதோ இளகியது. ஆனால் குரல் இளகவில்லை. "உங்கள் சொந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதை வைத்து எண் போட முடியாது. உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வரும் என்று சொன்னார்களே, கொண்டுவந்தீர்களா?"

ஆக, முதலாளி முன்கூட்டியே போன் போட்டிருக்கிறார். கஸ்தூரிக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் விரித்தாள். பேனாவைத் திறந்து கடிதத்தின் மேல் வைத்தாள். பிறகு தொட்டிலை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள், சரியாக அந்த ஸ்கேன் படத்துக்கு மேலே.

அதற்குள் ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடமாக அவள் யார் வீட்டுத் தொட்டிலையும் தொட்டதில்லை. தட்டிவிட்டாள். நல்ல வேலைப்பாடு, சத்தமே இல்லாமல் ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிற்கப் போகும்போது மறுபடி தட்டினாள்.

"வேண்டாம்!" பரமேஸ்வரனின் உள்ளங்கை பாய்ந்து வந்து தொட்டிலை அமுக்கியது. "வெறுந்தொட்டிலை ஆட்டாதேங்கோ, பிள்ளை!"

பதினேழு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் தமிழ் அது. அவருக்கே அது புரியச் சற்று நேரம் ஆனது. கை மட்டும் தொட்டிலை விட்டு வரவில்லை.

கஸ்தூரியும் தமிழுக்கு மாறினாள். "ஏன் சார்? விளையாட்டுச் சாமான்தானே?"

அவர் மறு கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நீங்க ஆட்டுங்க சார். ஒரே ஒரு தடவை. நீங்க ஆட்டிட்டா இது விளையாட்டுச் சாமான்தான்னு நான் ஒத்துக்கிறேன். இதோ பேனா. இங்கயே, உங்க கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போடறேன். என் அட்டையையும் குடுத்துட்டுப் போறேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் அருவருப்பு வந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை மேசையில் வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கண்ணை இறக்கவில்லை. அவள் அந்த மேசையில் வைத்திருந்ததும் ஒரு பிள்ளையைத்தான், தனக்கு வராத பிள்ளையை. அதை விளையாட்டு என்று எழுதச் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டென்றால் இவரை ஆட்டச் சொல்ல அவளுக்கும் உரிமை உண்டு.

"இது மூட நம்பிக்கை," என்றார் அவர், மெதுவாக. "வகைப்படுத்த இது ஒரு ஆதாரம் எண்டு ஒருத்தரும் எழுத ஏலாது."

"மூட நம்பிக்கைன்னே வச்சுக்குவோம். அப்பக்கூட ஒங்க கைய எடுக்க முடியல இல்ல சார்? விளையாட்டுச் சாமான்னா என்னான்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, முயல்காது கேஸ்ல? ‘வாங்குறவங்க அதை வச்சு விளையாடணும்.’ அதான் கேக்குறேன். இந்தத் தொட்டில வாங்குற ஆளுங்க யாரு? நம்ம ஆளுங்க. இத ஆட்டி விளையாடுற நம்ம ஆளு ஒருத்தரக் காட்டுங்க. இந்த ரூம்ல ரெண்டு பேரு இருக்கோம். நீங்க மாட்டீங்க. நான் ஆட்டுனேன், விளையாட்டுக்கு இல்ல."

பரமேஸ்வரன் தொட்டிலையும் அதற்கு அடியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு விரல் மட்டும் தொட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தது. ஆட்டிவிடுவார் என்றே கஸ்தூரிக்குத் தோன்றியது. அட்டை போயிற்று, நானூறு தொட்டிலும் அடுப்புக்குப் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தே விட்டாள். பேனாவின் பக்கம் அவள் கையும் போனது.

விரல் அங்கேயே நின்றது. ஆட்டவில்லை.

அவர் மறு கையால் மன்னிப்புக் கடிதத்தை இழுத்தார். பேனாவை எடுத்து அவள் பக்கம் வைத்தார். கடிதத்தை ஒரு தடவை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், விரல் நீளத்துக்கு வரும்வரை மடித்தார். அதைத் தொட்டிலுக்குள் படுக்க வைத்த பிறகுதான் உள்ளங்கையை எடுத்தார்.

பிறகு கோப்பைத் திறந்து மலாயில் எழுதத் தொடங்கினார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார், பழையபடி அதிகாரியின் குரலில். "இப்பொருளை வாங்கும் சமூகத்தினர் இதை வைத்து விளையாடுவதில்லை. விளையாடுவது அவர்களிடையே விலக்கப்பட்டது. இது விசாரணையின்போது நேரில் உறுதி செய்யப்பட்டது. வகைப்படுத்தியவர் இட்ட எண் சரியானது."

"யார் நேரில் உறுதி செஞ்சதுன்னும் எழுதுவீங்களா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "போங்கோ," என்றார்.

கஸ்தூரி தொட்டிலை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தம்போய்க்குத் திரும்பியபோது ஜெயபாலன் மாடிப்படியிலேயே காத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னாச்சு? கையெழுத்துப் போட்டியா? கடுதாசி எங்க?"

அவள் தொட்டிலை அவர் கையில் வைத்தாள்.

"தூங்குது பாஸ். எழுப்பாதீங்க."